இரண்டு வீட்டுக்குச் சொன்ன மீன்

அடையாறு காந்தி நகரில் ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருக்கிறார்கள், ஓய்வே பெறாத விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், வரி கட்டுவதில் நிபுணர்களும் கட்டாமல் இருப்பதில் நிபுணர்களும் ஒரே மதில் சுவரைப் பகிர்ந்துகொண்டு சுமுகமாக வாழ்கிறார்கள். ஆனால் சொன்ன சொல் தவறாத ஆள் யார் என்று அங்குள்ள வாட்ச்மேன்களைக் கேட்டால், அவர்கள் கை நீட்டுவது அந்தப் பகுதியில் குடியே இல்லாத ஒருத்தியை. நொச்சிக்குப்பத்து தேசம்மா. வயது நாற்பத்தொன்பது. தலையில் அலுமினியக் கூடை, கையில் சாக்கில் சுற்றிய அரிவாள்மணை. இருபத்தெட்டு வருஷமாகக் காலை ஒன்பதரைக்குள் அந்தத் தெருக்களில் அவள் குரல் கேட்டுவிடும். கேட்காவிட்டால் அன்று கடலில் ஏதோ சரியில்லை என்று பொருள். வானிலை அறிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

தேசம்மாவிடம் இரண்டு சட்டங்கள் உண்டு. எழுதப்படாதவை, ஆகவே திருத்த முடியாதவை.

முதல் சட்டம், சொல்லி வைத்த மீன் பற்றியது. "ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வஞ்சிரம் வேணும் தேசம்மா" என்று ஒரு வீட்டில் சொல்லி, "எடுத்தாரேன்" என்று அவளும் சொல்லிவிட்டால், அந்த வினாடியிலிருந்து அந்த வஞ்சிரம் வங்காள விரிகுடாவில் இன்னும் நீந்திக்கொண்டிருந்தாலும் அந்த வீட்டுக்காரருடையது. அதை இன்னொருவர் தொட முடியாது. ஒரு தடவை, கோடம்பாக்கத்திலிருந்து ஒரு சினிமா கம்பெனிக்காரர் காரை நிறுத்தி, அவள் கூடையில் இருந்த பால் சுறாவை எங்கள் கதாநாயகர் ஆசைப்படுகிறார் என்று கேட்டார்.

"இது புள்ள பெத்தவளுக்கு பாலு ஊறச் சொன்னது சார். மூணாவது மாடில கீறா. ஒங்க ஹீரோ புள்ள பெத்தா சொல்லி அனுப்புங்க, மொத சுறா அவருக்குத்தான்" என்றாள் தேசம்மா.

இரண்டாவது சட்டம், வாடிக்கை வீட்டு வாசலில் நின்று 'இல்லை' என்று சொல்லக் கூடாது. அந்தச் சொல் வீட்டுக்கும் ஆகாது, வியாபாரத்துக்கும் ஆகாது. அதற்குப் பதிலாக 'நாளைக்கு' என்று ஒரு சொல் இருக்கிறது. நண்டு இருக்கிறதா? நாளைக்கு. இறால் பெரிசாக இல்லையா? நாளைக்கு. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் இந்த ஒரு சொல்லை நம்பிப் பசியோடும் சந்தோஷத்தோடும் உறங்கியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு சட்டங்களும் ஒரே வாரத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதற்குக் காரணம் தேசம்மாவின் மகள் ஜான்சி.

ஜான்சி மயிலாப்பூரில் கார்ப்பரேஷன் பள்ளியில் படித்தவள். குடியிருப்பில் அவர்களுக்கு இருப்பது ஒற்றை அறை என்பதால், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தைத் தன் படிப்பறையாக அறிவித்திருந்தாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவளுடைய புத்தகங்களைத் தாண்டித் தாண்டியே உயிரியலில் ஓரளவு தேறிவிட்டார்கள். நீட் தேர்வை முதல் தடவை எழுதிக் கோட்டை விட்டாள். இரண்டாவது தடவை அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் ஆறாவதாக வந்து நின்றாள். ஏழரை என்றால் சனியைத் தவிர வேறெதையும் அறியாத குப்பம், அதனால் ஒரு வீட்டுக்கு நல்லதும் நடக்கும் என்று அன்றுதான் கண்டுகொண்டது.

வியாழக்கிழமை கலந்தாய்வு. நேரில் போய் உட்கார்ந்து, திரையில் காலியிடங்களைப் பார்த்து, கல்லூரியைச் சொல்லி, கையோடு ஆணை வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஆறாவது இடம் என்றால் தமிழ்நாட்டில் எந்த அரசுக் கல்லூரியும் கிடைக்கும். ஆனால் சென்னையில் பிறந்தவர்களுக்குக் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: சென்னை மருத்துவக் கல்லூரியான எம்.எம்.சி.யா, ஸ்டான்லியா?

குப்பம் உடனே கருத்து தெரிவித்தது. அதுவரை காய்ச்சலுக்கு ஊசி, மற்ற எல்லாவற்றுக்கும் தைலம் என்ற அளவில் மருத்துவம் அறிந்திருந்தவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் கல்வியாளர்கள் ஆனார்கள். கரையில் மீன் ஏலம் விடுகிற ரகுபதி, "எம்.எம்.சி.ன்னா மந்தவெளில ரயிலு ஏறுனா பார்க் டவுன்ல எறங்கி ரோட்டைத் தாண்ட வேண்டிதான். ஸ்டான்லின்னா அங்கேர்ந்து இன்னும் போய்க்கினே இருக்கணும். இதுல யோசிக்க இன்னா கீது?" என்று தீர்ப்பளித்தார். கல்லூரியின் பெருமையை இறங்கும் ஸ்டேஷனை வைத்து அளந்த முதல் அறிஞர் அவர்தான். தேசம்மாவுக்கு உள்ளுக்குள் அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. ரயிலில் போனால் பெண் ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள் அல்லவா.

அந்தத் தெளிவோடுதான் திங்கட்கிழமை காந்தி நகருக்குப் போனாள். போயிருக்கக் கூடாது.

காந்தி நகரின் ஒரு குறுக்குத் தெருவில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம் டாக்டர் நஸ்ருன்னிசா, மகப்பேறு மருத்துவர், எம்.எம்.சி.யில் படித்தவர். அந்தப் பக்கம் டாக்டர் கதிரேசன், அறுவை சிகிச்சை நிபுணர், ஸ்டான்லியில் படித்தவர். இருவரும் ஓய்வு பெற்றுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1974-ல் அவர்களுடைய இரு கல்லூரிகளுக்கிடையே நடந்த கேரம் இறுதிப் போட்டிக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. அன்று கதிரேசன் அடித்ததில் சிவப்புக் காய் விழுந்தது. அதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. அந்தச் சிவப்பு செல்லுபடியாக அதைத் தொடர்ந்து விழ வேண்டிய காய் அவர் அடித்து விழுந்ததா, அல்லது மின்விசிறிக் காற்றில் விழுந்ததா என்பதுதான் வழக்கு. ஐம்பது வருஷமாக வாய்தா போய்க்கொண்டிருக்கிறது.

நஸ்ருன்னிசா வழக்கம்போலத் தன் கையாலேயே மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபடி கேட்டார்: "எங்க காலேஜ்தானே, தேசம்மா?"

ஜான்சி முதல் தடவை தவறவிட்டபோது, 'நர்சிங்ல சேத்துவிடு' என்று தெருவெல்லாம் சொன்னது. "இன்னொரு தரம் எழுதட்டும்" என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். இவருடைய மகன் டாக்டராகாமல் டல்லாஸில் கணினியோடு மல்லுக்கட்டுகிறான். தன் கல்லூரிக்குத் தன் கையால் ஒரு வாரிசை அனுப்பும் ஆசை அந்த ஒரு கேள்வியில் செவுள்போலச் சிவந்து தெரிந்தது.

"ஆமா டாக்டரம்மா. எம்.எம்.சி.தான்" என்றாள் தேசம்மா. மனசாரத்தான் சொன்னாள்.

தெருவைக் கடந்தாள். கதிரேசன் கேட்டிலேயே நின்றிருந்தார். "தேசம்மா, நம்ம ஸ்டான்லியில உன் பொண்ணு படிக்கப்போறான்னு நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கமே வரலம்மா. ஸ்டான்லிதானே?"

இங்கேதான் இரண்டாவது சட்டம் குறுக்கே வந்தது. 'இல்லை' என்ற சொல் இருபத்தெட்டு வருஷமாகப் புழங்காமல் தேசம்மாவின் தொண்டையில் துருப்பிடித்துக் கிடந்தது. 'நாளைக்கு' என்று சொல்லலாம் என்றால், கல்லூரி என்ன நண்டா? வாய் தானாகத் திறந்தது. "ஆமா சார்."

ஒரு மீன். இரண்டு வீடு. தெரு முனைக்கு வந்த பிறகுதான் தேசம்மாவுக்கு உறைத்தது. கூடை தலையில் இருந்ததால் தலையில் அடித்துக்கொள்ளவும் வழியில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, விதி தன் வேலையை ஓர் அட்டைப் பெட்டியின் உருவில் காட்டியது. கதிரேசன் பரணிலிருந்து தன் மாணவப் பருவத்து எலும்புகளை இறக்கி வைத்திருந்தார். மருத்துவம் முதல் வருஷம் படிப்பவர்களுக்கு ஒரு செட் மனித எலும்பு வேண்டும். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கை, கால், விலா, முதுகெலும்பு எல்லாம் இருந்தன. மண்டை ஓடு மட்டும் இல்லை. அதைப் பல வருஷம் முன்பு ஒரு ஜூனியர் இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. அவர் இப்போது புகழ்பெற்ற நரம்பியல் நிபுணர்.

"ஜான்சிகிட்ட குடு. ராசியான எலும்பு" என்றார் கதிரேசன்.

அட்டைப் பெட்டி கரையான் தின்றதாயிருந்ததால், எலும்புகளை ஒரு பிளாஸ்டிக் பைக்கு மாற்றி, கூடையில் ஈரச் சாக்குக்குக் கீழே, மீனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள் தேசம்மா. செபஸ்தியான் கட்டிய மனைவி அவள். இருபத்தைந்து வருஷம் கட்டுமரமும் ஃபைபர் படகும் ஓட்டி, கடல் எதை எதையோ கரையில் போடுவதைப் பார்த்த வீடு. எலும்புக்கெல்லாம் அவள் பயப்படவில்லை. பயப்பட வேண்டியது எதிர்வீட்டுக்கு என்பதை மட்டும் மறந்துவிட்டாள். டாக்டரம்மாவுக்குச் சங்கரா மீன் சொல்லி வைத்திருந்தது. சொல்லி வைத்த மீனைக் கொடுக்காமல் போக முடியாது.

நஸ்ருன்னிசா படியில் உட்கார்ந்து, வழக்கம்போலச் சாக்கைத் தாமே விலக்கி, வழக்கம்போலக் கையை உள்ளே விட்டார். வெளியே வந்தது ஒரு முழத்துக்கு மேல் நீளமாக, மஞ்சள் பூத்து, செதில் இல்லாமல் இருந்தது.

"தேசம்மா, இது என்ன மீனு?"

நாற்பது வருஷ மருத்துவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நஸ்ருன்னிசா அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இடது தொடை எலும்பு. ஆம்பளை" என்று தாமே பதில் சொல்லிக்கொண்டார். பிறகு கண்ணாடியை இறக்கி, அதில் மையால் எழுதியிருந்ததைப் படித்தார். 'கதிரேசன், ஸ்டான்லி, 1971.'

நஸ்ருன்னிசா போனை எடுத்தார். "கதிரேசன், உங்க தொடை எலும்பு என் கையில இருக்கு. கொஞ்சம் வாங்க."

தன் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே தெருவைக் கடந்து வந்தார் கதிரேசன்.

"அது ஜான்சிக்கு நான் குடுத்தது. அவ எங்க காலேஜ்."

"நேத்து எங்க காலேஜ்."

"என்கிட்ட தேசம்மாவே சொன்னா."

"எனக்கு மட்டும் என்ன, வானொலியிலயா சொன்னாங்க?"

"உங்க ஆளுங்களுக்கு இதே வழக்கம்மா. விழுந்த காயை விழலன்னு சொல்றது."

"ஃபேனை நிறுத்திட்டு அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

வாட்ச்மேன் நாற்காலியை இன்னும் வசதியான கோணத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஆனால் தேசம்மாவுக்கு அந்தச் சண்டை காதில் விழவில்லை. அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, குற்றவாளிக் கூண்டில் நிற்பவள்போல நின்றாள்.

"சார், டாக்டரம்மா, ரெண்டு பேரும் கேளுங்க. இருவத்தெட்டு வருசத்துல ஒரு மீனை நான் ரெண்டு வூட்டுக்கு சொன்னதில்ல. பெத்த பொண்ணை சொல்ட்டேன். மீனுன்னா நடுவால வெட்டி ஆளுக்கு ஒரு துண்டு குடுத்துட்டுப் போய்க்கினே இருப்பேன். இத்த இன்னா பண்ண?"

தொடை எலும்பைக் கையில் பிடித்தபடியே நஸ்ருன்னிசா கேட்டார்: "சரி, ஜான்சி என்ன சொல்றா?"

தேசம்மா யோசித்தாள். குப்பம் சொன்னது நினைவுக்கு வந்தது. ரகுபதி சொன்னது, டாக்டர்கள் சொன்னது, தான் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தன.

"அத்த யாருமே கேக்கலியே, டாக்டரம்மா."

சங்கரா மீனை வாங்கிக்கொண்டு நஸ்ருன்னிசா உள்ளே போனார். தொடை எலும்பையும் மறதியாக எடுத்துக்கொண்டே போய்விட்டார். மறதி என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று சாயங்காலம் படிக்கட்டுத் திருப்பத்தில் தாயும் மகளும் உட்கார்ந்தார்கள். மூன்றாம் படியில் செபஸ்தியான். எட்டு வருஷத்துக்கு முன்பு படகை இழுக்கும்போது கயிற்றில் வலது கை சிக்கி மூன்று விரல்கள் நசுங்கியவர். அதன்பின் கடலுக்குப் போவது குறைந்து, வலை பின்னுவதும் பேசாமலிருப்பதும் கூடியது.

"நீ எங்க படிக்கணும்னு நெனக்கிற?" என்று தேசம்மா கேட்டாள். கேள்வி அவளுக்கே புதுசாக இருந்தது.

"ஸ்டான்லி" என்றாள் ஜான்சி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏன்டி? எம்.எம்.சி.க்கு இன்னா கொறச்சல்?"

"ஒண்ணியும் கொறச்சல் இல்ல. போன மாசம் ரெண்டு எடத்துக்கும் போய்ப் பாத்துட்டுதான் வந்தேன். ரெண்டு எடத்துலயும் அதே கூட்டம். ரெண்டு எடத்துலயும் டாக்டருங்க நின்னுக்கினே டீ குடிக்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"அப்போ ரயிலு கீதே."

"நைனா கையைத் தச்சது ஸ்டான்லில. அப்போ அந்தப் பெரிய டாக்டரு இன்னா சொன்னாரு, ஞாபகம் கீதா? ரெண்டு வெரலு மடங்கும், மூணாவது மடங்காது, ஆனா வெரலா இருக்கும்னாரு. அப்டியேதான் ஆச்சு. மொதல் நாளே எப்டி தெரிஞ்சுது அவருக்கு? எட்டு வருசமா அத்தயேதான் நெனச்சுக்கினு கீறேன். அந்தக் கை வார்டுலயே போய்க் கேக்கணும்."

செபஸ்தியான் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இரண்டு விரல்களை மடக்கினார். மூன்றாவது அப்படியே நின்றது.

தேசம்மாவுக்குள் மிச்சமிருந்த கடைசி வழக்கறிஞரும் வாதாடிப் பார்த்தார். "ஆனா டாக்டரம்மாக்குதாண்டி மொதல்ல சொன்னேன். மொதல்ல சொன்ன வூட்டுக்குதான் மீனு."

"நான் இன்னா சங்கராவாம்மா?" என்றாள் ஜான்சி.

"வாக்கு ஒன்னுது" என்றார் செபஸ்தியான். ஒரு வாரத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம். "படிக்கப் போறது அது."

அடையாறு வரலாற்றில் புதன்கிழமை தனியாகக் குறிக்கப்பட வேண்டிய நாள். அன்று தேசம்மா கூடையில்லாமல் வந்தாள். தலையில் சுமை இல்லாமல் அந்தத் தெருவில் நடந்து பழக்கமில்லாததால் கொஞ்சம் தள்ளாடினாள். அவளைப் பார்த்த வாட்ச்மேன் யாரென்று தெரியாமல், "யாரும்மா வேணும்?" என்று கேட்டுவிட்டுப் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் சீட் மாறிப் போய்விட்டார்.

நஸ்ருன்னிசா கதவைத் திறந்தார்.

"டாக்டரம்மா, ஜான்சி ஸ்டான்லிக்குப் போவுது. நான் ஒங்களுக்கு சொன்னது தப்பு. எம்.எம்.சி. இல்ல." சொல் வந்துவிட்டது. துருப்பிடித்த ஆணி பிடுங்குவதுபோல வலித்தது, வந்துவிட்டது. "நாளைக்கும் இல்ல, டாக்டரம்மா. இனிமே என்கிட்ட மீனு வாங்க இஸ்டம் இல்லன்னா, எங்க குப்பத்துலயே பொன்மணின்னு ஒருத்தி கீறா. நல்லவ. அவள அனுப்பறேன்."

நஸ்ருன்னிசா "சரி" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

இருபத்தெட்டு வருஷ வாடிக்கை ஒற்றைச் சொல்லில் போயிற்று என்று தேசம்மா நினைத்தாள். அதே தெருவைக் கடந்து கதிரேசன் வீட்டுக்கும் போனாள். ஸ்டான்லி என்று கேட்டதும் அவர் மார்பு ஐம்பது வருஷம் இளமையானது.

"நான் சொன்னா உன் பொண்ணு கேட்டுக்குவான்னு எனக்குத் தெரியும்மா."

"நீங்க சொன்னதால இல்ல சார்" என்றாள் தேசம்மா. இரண்டாவது தடவை அந்தச் சொல் அவ்வளவாக வலிக்கவில்லை.

வியாழக்கிழமை கலந்தாய்வு அரங்கில் குளிர்சாதனம் மீன் ஐஸைவிடக் கூடுதலாக வேலை செய்தது. மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி திரையைக் காட்டி, "எந்தக் காலேஜ்?" என்று கேட்டார். கேட்டது தேசம்மாவை. அங்கே பெற்றோரைக் கேட்பதுதான் வழக்கமாகிவிட்டிருந்தது. முன்னால் போன ஐந்து பிள்ளைகளும் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் டாக்டரானார்கள்.

"படிக்கப் போறது அது சார். அத்தயே கேளுங்க" என்றாள் தேசம்மா.

அதிகாரி ஜான்சியைப் பார்த்தார். அவள் சொன்னாள். அவர் தட்டினார். ஆணையைக் கையில் வாங்கிய செபஸ்தியான், அதை மடங்கும் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நொச்சிக்குப்பம் வரும்வரை விடவில்லை.

சனிக்கிழமை தேசம்மா கூடையோடு காந்தி நகர் வந்தாள். நஸ்ருன்னிசா வீட்டைத் தலை குனிந்து தாண்டப் போனபோது கேட் திறந்தது.

"எங்க போற? சங்கரா யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான் டாக்டரம்மா." வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் எடுத்து வந்திருந்தாள்.

நஸ்ருன்னிசா உள்ளே போய், பழைய துப்பட்டாவில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். மீன் வாடை போக டெட்டாலில் மூன்று தடவை கழுவிக் காயவைத்த இடது தொடை எலும்பு. 'கதிரேசன், ஸ்டான்லி, 1971' என்பதற்குக் கீழே, புது மையில், அழகான கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. 'செ. ஜான்சி, ஸ்டான்லி, 2025.'

தேசம்மாவுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் நிதானமாகத்தான் வரும். படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"அந்தக் காலேஜ் பேரை என் கையால எழுத வெச்சுட்டே" என்றார் நஸ்ருன்னிசா. "எழுதும்போது ஃபேனை நிறுத்திட்டுத்தான் எழுதினேன்னு எதிர்வீட்டுல சொல்லிடு."

எதிர்வீட்டில் கதிரேசன் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய கல்லூரிக்காரி ஒருத்தி கிடைத்த சந்தோஷத்தில் நாளைக்கு விருந்து, எட்டுப் பேர் வருகிறார்கள். "பெரிய வஞ்சிரமா ஒண்ணு எடுத்துட்டு வா, தேசம்மா. இனிமே நாம ஒரே குடும்பம்."

"இல்ல சார். நாளைக்கு வஞ்சிரம் டாக்டரம்மாக்கு இப்பதான் சொன்னது."

"சரி, திங்கட்கிழமை?"

தேசம்மா கூடையைத் தலையில் ஏற்றிச் சரிசெய்துகொண்டாள்.

"திங்கக்கெழமை நான் இல்ல சார். எம் பொண்ணை காலேஜ்ல சேக்கணும்."